சாயம் போட்ட தலையில் ஹைலைட் பிழைத்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கறுப்பு டை போட்ட தலையில் பொன்னிறக் கீற்று எடுப்பதும் சாயமே காணாத தலையில் எடுப்பதும் ஒரே வேலை அல்ல. ஹைலைட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாள் பெரும்பாலும் சாயம் காணாத தலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தி ஊருக்கு வரும்போது கொண்டுவந்த பெட்டியென்றால் இன்னும் சிக்கல். முகப்பில் சிரிக்கும் பெண்ணின் இயற்கை நிறமே நம்முடையதைவிட நான்கைந்து படி வெளிறியது.

வீட்டில் செய்வதா, பார்லருக்குப் போவதா என்பதைப் பலரும் காசையும் துணிச்சலையும் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். தீர்மானிக்க வேண்டியது முடியில் ஏற்கெனவே என்ன ஏறியிருக்கிறது என்பதை வைத்து. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றரோ சற்றுக் கூடவோ வளர்கிறது. 40 சென்ரிமீற்றர் நீள முடியின் நுனிக்கு மூன்று வயதாகிறது. இடுப்பைத் தொடும் பின்னலின் நுனிக்கு ஐந்தாறு வயது இருக்கும். அக்காவின் கலியாணத்துக்குச் செய்த ரீபொண்டிங் (மருந்து வைத்து முடியை நேராக்குவது), பிறகு வைத்த மருதோன்றி, நரை மறைக்க அடித்த டை எல்லாம் அந்த நீளத்தில் வரிசையாக நிற்கின்றன. கீழே வரும் எந்தக் கோளாற்றுக்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: பிழைத்த அந்த இடத்து முடியில் முன்பு என்ன போட்டீர்கள்?

இன்னும் தொடங்கவில்லை என்றால்

சீப்பில் வரும் முடியை இரண்டு மூன்று நாள் சேர்த்து வையுங்கள். ஒரு முனையை வெள்ளை நூலால் கட்டுங்கள். கண்ணாடிக் கோப்பையில் ஒரு தேக்கரண்டி பிளீச் பவுடரைப் பெட்டியில் சொன்ன அளவு டெவலப்பருடன் (பிளீச்சைக் கலக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டுக் கரைசல்) கலந்து, அந்த முடியை அதற்குள் அமிழ்த்துங்கள். உலோகக் கோப்பை வேண்டாம். அடுத்த சில நிமிடங்களில் கோப்பையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கோப்பை சூடேறினாலோ, கலவை நுரைத்துப் பொங்கினாலோ, ஆவி எழுந்தாலோ முடியில் உலோக உப்பு இருக்கிறது. சில கலப்பு மருதோன்றிப் பவுடர்களிலும், நாட்பட நாட்படக் கறுக்கும் சில நரை மருந்துகளிலும் இது இருக்கும். அந்தத் தலையில் பிளீச் வைக்கவே கூடாது, வீட்டிலும் சரி பார்லரிலும் சரி. ஒன்றும் நடக்கவில்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, ஈரப் பஞ்சால் துடைத்து, நிறத்தைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அது எங்கே நிற்கிறதோ, உங்கள் தலையும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கும். கழுவிய பின் ஈரமாக இருக்கும்போதே இழுத்தும் பாருங்கள் (எதைக் கவனிப்பது என்பது கீழே ஈர முடி பற்றிய பகுதியில்).

டோனரிலும் (வெளிறிய முடியின் நிறத்தைத் திருத்தப் பூசுவது) சாயத்திலும் பிபிடி என்ற சாய இரசாயனம் அல்லது அதன் உறவுப் பொருள் இருக்கலாம். ஆகவே முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ சிறிது பூசி 48 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். பத்து வருடம் டை அடித்தும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வாமை பதினோராவது வருடத்திலும் வரும்.

வீட்டில் துணிந்து செய்யக்கூடியது இவ்வளவுதான்: முகத்தின் இரு பக்கமும் நான்கைந்து மெல்லிய கீற்றுகள், ரீபொண்டிங் காணாத முடி, மருதோன்றி இல்லை, கறுப்பு டை அடுக்கடுக்காக ஏறவில்லை. பின்தலையில் பொயில் (பிளீச் பூசிய கீற்றைச் சுற்றும் அலுமினியத் தாள்) வைப்பதை, கைக்கு இன்னோர் ஆள் இருந்தாலும், நான் வீட்டு வேலையாகக் கருதமாட்டேன்.

முடி வெளிறவே இல்லை

வாங்கியது பிளீச்சா, சாயமா என்று பெட்டியை மறுபடி படியுங்கள். ‘வெளிர் பழுப்பு’ என்று எழுதிய சாயம் இயற்கைக் கறுப்பைச் சில படி வெளிறச் செய்யும். முன்பே போட்ட சாயத்தை அது அசைக்காது. சாயத்தைச் சாயம் தூக்காது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எடுத்தது பிளீச்தான் என்றால், அது காய்ந்துபோனதா என்று பாருங்கள். காய்ந்த பிளீச் வேலை செய்யாது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு பொயிலை மூடாமல் விட்டால் கால் மணி நேரத்தில் வெள்ளைத் தூளாகி உதிர்ந்துவிடும். திறந்து பல மாதமான டெவலப்பர் போத்தலும் வலுவிழந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் 12 விழுக்காட்டு டெவலப்பரைத் தேடிக் கடைக்கு ஓடுகிறார்கள். போத்தலில் 10, 20, 30, 40 வொலியூம் என்று இருப்பது முறையே 3, 6, 9, 12 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெரொக்சைட்டு. பொயிலுக்குள் 6 போதும். அதில் வெளிறாத கறுப்பு டையை 12 கொண்டு அடித்தால் டையோடு முடியும் போய்விடும்.

செம்மஞ்சளாக நிற்கிறது

வீட்டில் ஹைலைட் போட்டவர்கள் வந்து முறையிடுவது பெரும்பாலும் இதைத்தான். உண்மையில் இது கோளாறு அல்ல. வேலை பாதி வழியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

கறுப்பு முடி ஒரே தாவலில் பொன்னிறமாவதில்லை. கரும்பழுப்பு, செம்பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெளிர்மஞ்சள் என்று படிப்படியாக இறங்குகிறது. கருநிறமி முதலில் உடையும், செந்நிறமி அடம்பிடிக்கும். டை போட்ட முடியில் பழைய சாயத்தின் சிவந்த எச்சமும் அதோடு சேர்ந்துகொள்ளும். தொழிலில் இந்தப் படிகளை 1 முதல் 10 வரை எண்ணுகிறோம்: 1 கடுங்கறுப்பு, 10 மிக வெளிறியது. நம்மவர் முடி 1 அல்லது 2. செம்மஞ்சள் என்று நீங்கள் வெறுப்பது 5 முதல் 7 வரை. படங்களில் பார்த்து ஆசைப்படும் சாம்பல் பொன்னிறத்துக்கு 9 அல்லது 10 வரை வெளிற வேண்டும். அந்தப் படியில் முடி வாழைப்பழத் தோலின் உட்புற நிறத்தில் இருக்கும்.

முதலில் பகல் வெளிச்சத்தில், ஜன்னலருகே நின்று பாருங்கள். டியூப் லைட்டின் கீழ் எல்லா நிறமும் பொய் சொல்லும். சிவப்பு தூக்கலாக இருந்தால் எந்த டோனர் போட்டாலும் பொன்னிறம் வராது, ஏனென்றால் டோனர் வெளிறச் செய்யாது. அது மிஞ்சியிருக்கும் நிறத்துக்கு எதிர்நிறத்தை ஊட்டி அடக்கும், அவ்வளவே. செம்மஞ்சளுக்கு எதிர் நீலம், மஞ்சளுக்கு எதிர் ஊதா, சிவப்புக்கு எதிர் பச்சை. ஊதா ஷாம்புவைப் போத்தல் போத்தலாகத் தேய்த்தும் செம்மஞ்சள் அசையவில்லை என்பவர்களுக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது. அது மஞ்சளுக்கான மருந்து.

வீட்டில் செய்யத்தக்க திருத்தம்: முடி இப்போது எந்தப் படியில் நிற்கிறதோ அதே படியில் ஒரு சாம்பல் சார்ந்த பழுப்பு டோனர். அதை 3 விழுக்காடு அல்லது அதற்கும் குறைந்த டெவலப்பரில் கலந்து, துவாயால் ஒற்றிய ஈர முடியில், கீற்றுகளில் மட்டும் பூசுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கீற்றைத் துடைத்துப் பாருங்கள். வேண்டிய நிறம் வந்தவுடன் கழுவுங்கள், பெட்டியில் எழுதிய நேரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். செம்மஞ்சள் அடங்கிப் பனங்கட்டி நிறத்துக்கு வரும். என்னைக் கேட்டால் நம் தோல் நிறத்துக்கு அதுவே எடுப்பாக இருக்கும். இரண்டு மூன்று அமர்வில் முடியைக் கொன்று எடுக்கும் சாம்பல் நிறத்தைவிட அது நின்றும் பிடிக்கும்.

இன்னும் வெளிறித்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு வாரம் பொறுத்துப் பார்லரில் செய்யுங்கள். காரணம் மருந்து அல்ல, கை. இரண்டாம் முறை அதே கீற்றை, அதே இழைகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்துத் தானே பிரிக்கும்போது பக்கத்துக் கறுப்பு முடியும் கூட வந்துவிடும். ஒரு கீற்று இரண்டு விரல் அகலமாகி, அதில் பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாக நிற்கும்.

வேரடி பளிச்சென்று, நடுவில் இருண்ட பட்டை

தலைத்தோலின் சூட்டில் வேரடி வேகமாக வெளிறும். அதோடு, வேரடியில் இருப்பது புதிதாக வளர்ந்த, சாயம் காணாத முடி. நடுவில் இருப்பதோ மாதாமாதம் டை குடித்தது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பிளீச் வைத்தால் இந்த விளைவுதான் வரும். நடுப்பகுதியிலும் நுனியிலும் முதலில் வைத்து, வேரடியில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றரைக் கடைசிக்கு விட்டிருக்க வேண்டும்.

பொயில் சுற்றிக்கொண்டு கிணற்றடியில் வெயில் காய்வது இதை இன்னும் மோசமாக்கும். அலுமினியத் தாளுக்குள் சூடு ஏறினால் பிளீச்சின் வேகம் உங்கள் கையில் இல்லை. சித்திரை, வைகாசியில் அறைக்குள்ளேயே சூடு போதும். ஆகவே பெட்டியில் சொன்ன நேரத்துக்கு முன்பே பார்க்கத் தொடங்குங்கள்.

திருத்துவது எளிது. வேரடியை மேலும் வெளிறச் செய்யாமல், உங்கள் இயற்கை நிறத்துக்கு ஒரு படி வெளிறிய மென்சாயத்தை (தோயத் தோய மங்கும் சாயம்) வேரிலிருந்து நான்கைந்து சென்ரிமீற்றர் வரை, கீழே போகப்போகத் தேய்த்து மங்கச் செய்து பூசுங்கள். இதை வீட்டிலேயே செய்யலாம். நடுப்பட்டையை மட்டும் வெளிறச் செய்வது வேறு வேலை. பட்டைக்கு மேலும் கீழும் படாமல் பிளீச் வைக்கப் பழகிய கை வேண்டும்.

வேரில் புள்ளி புள்ளியாக வெள்ளை விழுந்திருந்தால் கலவை தண்ணீராக இருந்திருக்கிறது, அல்லது பொயிலின் விளிம்பு வரை பூசியிருக்கிறீர்கள். சிறு பிரஷால் அந்தப் புள்ளிகளில் மட்டும் கறுப்புக்கு ஒரு படி வெளிறிய சாயத்தைத் தொட்டு வைத்தால் மறைந்துவிடும். பார்லருக்குப் போகத் தேவையில்லை.

பச்சை

பச்சையில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

டோனர் போட்ட உடனே பச்சை தெரிந்தால், மஞ்சளாக நின்ற முடியில் நீலம் சார்ந்த சாம்பல் நிறத்தைப் போட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதற வேண்டாம். நன்கு நுரைக்கும் ஷாம்பு போட்டு இரண்டு மூன்று முறை தோய்ந்தால் பெரும்பாலும் இறங்கும். மிச்சத்தைச் சற்றுச் சிவப்பு கலந்த மென்சாயம் அடக்கும்.

ஹைலைட் நன்றாக வந்து, விடுமுறையில் ஹோட்டல் நீச்சல் குளத்தில் இறங்கிய பின் நுனி பச்சையானால் அது தண்ணீரில் இருந்த செம்பு. இடிடிஏ (உலோகத்தைப் பிடித்து இழுக்கும் பொருள்) உள்ள ஷாம்பு அதை எடுத்துவிடும். அடுத்தமுறை குளத்தில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து, கண்டிஷனர் பூசிவிட்டு இறங்குங்கள்.

பிளீச் கழுவிய உடனே பச்சையோ நீலப் பச்சையோ தெரிந்தால் அது அவுரி, நீலச் சாயம் தரும் செடி. ‘இயற்கைக் கறுப்பு மருதோன்றி’ என்று வாங்கிய பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். மருதோன்றி தனியே எந்தத் தலையையும் கறுப்பாக்காது, அதன் நிறம் சிவப்புதான். கறுக்கிறதென்றால் அவுரியோ பிபிடியோ உள்ளே இருக்கிறது. இந்தப் பச்சைக்கு மேல் மறுபடி பிளீச் வைத்தால் பச்சை இன்னும் ஆழமாகப் பதியும். பார்லரில்கூட இதைப் பெரும்பாலும் பழுப்பால் மூடத்தான் முடியும், கழற்ற முடியாது. மூடுவதும் நுட்பமான வேலைதான். வெறும் பழுப்பைப் பூசினால் சேற்று நிறம் வரும். முதலில் சிவப்பை ஊட்டி, அதன் மேல்தான் பழுப்பு.

ஈர முடி நீண்டுகொண்டே போகிறது, அறுகிறது

மற்றவை நிறத்தின் பிரச்சினை, இது முடியின் பிரச்சினை. ஒரு தனி முடியை ஈரமாக எடுத்து இரண்டு விரல்களுக்கிடையே மெல்ல இழுங்கள். நல்ல முடி சற்று நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். கெட்ட முடி நூலாக நீளும், விட்டால் சுருண்டு கிடக்கும் அல்லது அறும். முடிக்கு வலுத் தருவது கெராட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகள். பிளீச் நிறமியை உடைக்கும்போது அவற்றையும் உடைக்கிறது. ரீபொண்டிங் மருந்து அதே பிணைப்புகளைத்தான் முன்பே உடைத்து மாற்றி அமைத்திருக்கிறது. ஆகவே ரீபொண்டிங் செய்த முடியில் பிளீச் வைப்பது ஒரே இடத்தில் இரண்டாம் அடி. ‘ரீபொண்டிங் செய்து இரண்டு வருடமாகிவிட்டது’ என்பது சமாதானம் ஆகாது. புதிதாக வளர்ந்தது மட்டுமே புதியது.

பொயிலுக்குள் இருக்கும்போதே முடி வழுவழுவென்று கூழாகத் தெரிந்தால் நேரத்தைப் பார்க்காதீர்கள். உடனே இளஞ்சூடும் இல்லாத தண்ணீரில் அலசுங்கள். தேய்க்க வேண்டாம், தண்ணீர் மேலிருந்து ஓடட்டும். கண்டிஷனர் போட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். துவாயை இறுக்கி முறுக்கிக் கொண்டை போடுவது நம் பழக்கம், இப்போது அதைச் செய்தால் கொண்டையோடு முடி கையில் வரும். அடுத்த சில வாரங்களுக்கு டோனர், சாயம், அயன் எதுவும் தொடக் கூடாது.

2014 இல் ஒலாப்லெக்ஸ் வந்த பிறகு பிணைப்பைக் காக்கும் பொருட்கள் பல பெருகிவிட்டன. பிளீச்சோடு சேர்த்துப் பயன்படுத்தினால் சேதம் குறையும். கூழான முடியைப் பழையபடி ஆக்கும் பொருள் எதுவும் சந்தையில் இல்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, தோயும்போது புரதம் கழிவதைக் குறைக்கும், ஆகவே தோய்வதற்கு முன் வையுங்கள். அறுந்த நுனியை அதுவும் ஒட்டாது. கத்தரிக்கோல்தான் வழி. மொத்தமாக வெட்ட மனம் வராதவர்கள் மாதம் இரண்டு சென்ரிமீற்றராக வெட்டுங்கள்.

எரிகிறது, வீங்குகிறது

பிளீச் தலைத்தோலில் பட்டால் சிறிது குறுகுறுக்கும். எரிந்தால் கழுவ வேண்டும். பொறுத்துக்கொள்வது பெருமை அல்ல. கொப்புளம் வந்தால் அதன் மேல் எண்ணெயோ மஞ்சளோ வைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சாயமோ டோனரோ போட்டு ஓரிரு நாள் கழித்துக் காது, நெற்றி ஓரம் அரித்துக் கண்ணிமை வீங்கினால் அது ஒவ்வாமை. மூச்சுத் திணறலோ, முகமும் உதடும் வேகமாக வீங்குவதோ இருந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள் அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். பிளீச் பவுடரில் உள்ள பெர்சல்ஃபேட் தூசு தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக் கலக்குங்கள். மீந்த கலவையைப் போத்தலில் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

நிறம் மங்குகிறது, முடி சொரசொரக்கிறது

பார்லரில் நன்றாகச் செய்து வந்தும் மூன்று வாரத்தில் மங்கிவிட்டது என்றால் கிணற்றைச் சந்தேகியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். நம் கிணற்று நீரில் கல்சியம் மிகுதி, கரையோரங்களில் உப்பும் சேரும். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும் அதே பொருள் வெளிறிய முடியிலும் படிகிறது. வெளிறிய முடி நுண்துளை மிகுந்தது, ஆகவே அதிகம் பிடிக்கும். மாதம் இரண்டு முறை இடிடிஏ ஷாம்பு போதும். கடைசி அலசலுக்கு ஒரு வாளி மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பீலித் தண்ணீர் பிடிக்கும் வீடுகளுக்கு இது செலவில்லாத வழி. ஹைலைட் போடுவதற்கு முந்திய தோய்தலிலும் இந்த ஷாம்புவைப் போடுங்கள். கல்சியம் படிந்த முடியில் டோனர் சீராகப் பிடிக்காது.

டோனர் எப்படியும் நான்கு முதல் ஆறு வாரத்தில் கழியும், அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். சீயக்காயும் அரப்பும் தேய்த்துத் தோய்வது வெளிறிய கீற்றுகளைச் சிக்காக்கும். மஞ்சள் தண்ணீர் பட்டால் கீற்று மஞ்சளைக் குடித்துவிடும். சாமத்திய வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் போகிறவர்கள் கொண்டை போட்டுப் பூவால் மறைத்துக்கொள்ளலாம். பட்டுவிட்டால் பயப்பட வேண்டாம், வெயிலில் மஞ்சள் வெளுக்கும்.

பார்லரில் திருத்தப் போகும்போது

கதிரையில் உட்கார்ந்ததும் மருதோன்றி, ரீபொண்டிங், டை எல்லாவற்றையும் ஆண்டோடு சொல்லுங்கள். ‘மருதோன்றி வைத்தது தெரிந்தால் பார்லர் அக்கா பேசுவா’ என்று மறைத்தால் நட்டம் அக்காவுக்கு அல்ல. பெட்டியின் படத்தைக் கைபேசியில் கொண்டுபோங்கள். செய்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இழைச் சோதனை (சில முடியில் முதலில் பிளீச் வைத்துப் பார்ப்பது) செய்வீர்களா, எத்தனை விழுக்காட்டு டெவலப்பர், எத்தனை அமர்வு? சோதனை தேவையில்லை, இன்றே வெள்ளையாக்கித் தருகிறேன் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். குளிரூட்டியும் பெரிய கண்ணாடியும் திறமைக்குச் சான்று அல்ல. விலை பேசும்போது டோனர் அதற்குள் அடங்குமா, முடி நீளத்துக்கு மேலதிகம் உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மணப்பெண்கள் நாளை எண்ணி வாருங்கள். டை போட்ட முடியைத் திருத்த இரண்டு மூன்று அமர்வு, இடையில் இரண்டு வாரம், கடைசியில் டோனர் என்று கணக்கிட்டால் இரண்டு மாதமாவது வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆனியிலேயே வந்துவிட வேண்டும். நல்லூர்த் தேர் முடிந்து, கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது செம்மஞ்சள் தலையோடு வந்தால் செய்யக்கூடியது ஒரு பழுப்பு டோனரும் நுனி வெட்டும்தான்.